ஈரம் ஏறிய மணிகள்

மழை விட்ட காலை. வேதாரண்யத்தில் இராஜாங்கத்தின் கட்டிலருகே ஆக்ஸிஜன் இயந்திரம் திறந்து கிடக்கிறது. ரைஸ்மில்லின் தவிட்டுத் தூசியால் நுரையீரல் கெட்டுப்போனவர் அவர். ஒரு வாரமாக இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசினாலே மூச்சு வாங்குகிறது. பழுது பார்க்க வந்திருக்கும் அனுராதா, உள்ளிருந்து கழற்றிய உருளையைத் தட்டில் சாய்க்கிறாள். ஜவ்வரிசி போன்ற வெளிறிய மணிகள் ஜன்னல் வெயிலில் உருள்கின்றன. "காத்துல இருக்குற நைட்ரஜன் இந்த மணி மேல ஒட்டிக்கும்மா. ஆக்ஸிஜன் மட்டும் குழாய்க்கு வரும். கடல்காத்து ஈரம் முந்திக்கிட்டு ஒட்டிருச்சு. நைட்ரஜனுக்கு எடமில்ல. அதான் ஐயாவுக்கு வெறுங்காத்தே வந்துருக்கு." அவர் மனைவி நீலாம்பாள் மணிகளைத் தொடாமல் பார்க்கிறாள். "அப்ப அவருக்கு ஒடம்பு மோசமாகலியா?" என்கிறாள். "மெஷின்தாம்மா மோசம்." புது உருளை பொருந்துகிறது. இயந்திரம் உறுமி, புஸ்ஸென்று காற்றை விட்டு, சீராக ஓடத் தொடங்குகிறது. சற்றுப் பொறுத்து மஞ்சள் விளக்கு பச்சையாகிறது. மூக்கில் குழாயுடன் இராஜாங்கம் கண்களை மூடிக்கொள்கிறார். ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்துகொண்டிருந்த கழுத்து மெல்ல அடங்குகிறது. உதட்டின் நீலம் வெளுக்கிறது. அவர் கண் திறக்கிறார். "நீலா, இந்தப் பொண்ணு வெறும் வயித்தோட வந்திருக்கும், ரெண்டு இட்லி வச்சுக் குடு, டீய மட்டும் குடுத்து அனுப்பிடாத." நடுவில் எங்கும் மூச்சு வாங்க நிற்கவில்லை. நீலாம்பாள் அடுப்படிக்குப் போகாமல் கட்டில் விளிம்பில் உட்காருகிறாள். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க."