வாடிய செடி

“முதல்ல அந்த வாடின செடியைப் பின்பக்கம் கொண்டுபோய் வைங்க” என்றாள் மனைவி. முந்தைய நாள் சண்டைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கணவன் தொட்டியைத் தூக்கினான். “செடிதானே? வர்றவங்க தண்ணி ஊத்தலைன்னு நெனச்சுட்டுப் போறாங்க.”

“அவங்களா? போன வாரம் எதிர்வீட்டுக்குப் போனவங்க, நின்னுபோன கடிகாரத்தைப் பார்த்தே அந்த வீட்டு விவகாரத்தைப் புட்டுப் புட்டு வச்சுட்டாங்க. அங்க புருஷனும் பொண்டாட்டியும் இன்னும் முகம் குடுத்துப் பேசிக்கலை.”

அவன் ஓடிப்போய்த் தங்கள் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டான். சோபாவில் கிடந்த தன் தலையணையைப் படுக்கையறைக்குக் கடத்தினான். மேஜையில் இருந்த ஒற்றைக் கோப்பைக்குத் துணையாக இன்னொன்று வந்தது. வாசலில் மூலைக்கு ஒன்றாகக் கிடந்த செருப்புகள் ஒட்டி நின்றன.

“எங்க அம்மா வந்தப்பகூட நான் இப்படிப் பயந்ததில்ல. எந்தப் புண்ணியவான் இவங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தானோ!”

அவன் அலுத்துக்கொள்ள, அவள் அவசரமாகத் திரைச்சீலையைச் சரிசெய்தாள். அழைப்பு மணி அடித்தது.

“ஹேப்பி பர்த்டே டீச்சர்!”

ஐந்தாம் வகுப்பு மொத்தமும் வாசலில் நின்றது. கதையில் எந்தப் பொருளும் சும்மா வராது, ஒவ்வொன்றும் ஒரு குறியீடு என்று போன மாதம்தான் அவள் அவர்களுக்குப் பாடம் நடத்தியிருந்தாள்.

இரட்டைச் சடைக்காரி ஒருத்தி செருப்பு, கோப்பை, நாற்காலி என்று ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“எல்லாத்தையும் ஜோடி ஜோடியா எடுத்து வச்சிருக்கீங்களே டீச்சர்... நேத்து பெரிய சண்டையா?”