பாலில் விட்ட சொட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு என்னை இரண்டு திட்டு திட்டினாலும் சரிதான்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் எங்கள் அடுக்குமாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் இரண்டாம் மாடி சுஜா மேசை போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். மறுநாள் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டியதை எங்களிடம் ஒத்திகை பார்த்தாள்.

தட்டுத் தட்டாக இட்லி, உருளைக்கிழங்கு, மணப்பாறை முறுக்கு.

பழுப்பு நிற அயோடினை ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு விட்டாள். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாகுமாம். இட்லி மை கொட்டினாற்போலக் கறுத்தது. முறுக்கும் தப்பவில்லை.

சர்க்கரைக்கு வேறொரு நீல மருந்து. திராட்சைச் சாற்றில் கலந்து சுட வைத்ததும் செங்கல் நிறத்துக்கு வந்தது.

"எங்க வீட்டுக்காரர் மேலயும் ஒரு சொட்டு விடும்மா. முழுச் செங்கலா நிப்பாரு," என்றாள் சர்க்கரை வியாதிக்கார ரத்தினவேலின் மனைவி.

ரத்தினவேல் பாதி உரித்த வாழைப்பழத்தை மறுபடி தோலால் மூடினார்.

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் வீரம்மாள் வந்துவிட்டாள். கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து மொபெட்டில் இரண்டு கேன் பால். இரண்டு மாடு வைத்திருக்கிறாள். எங்கள் எட்டு வீட்டுக்கும் ஒன்பது வருஷமாக அவள் பால்தான்.

அவள் ஊற்றி முடித்ததும் என் பாத்திரத்தை சுஜாவிடம் நீட்டினேன். "இதையும் பாத்துரு." விளையாட்டாகத்தான் சொன்னேன்.

சுஜா ஒரு கரண்டிப் பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, சொட்டு விட்டாள்.

நீலம்.

இன்னொரு கரண்டி எடுத்துச் செய்தாள். அதுவும் நீலம்.

தண்ணீர் ஊற்றிய பால் கெட்டியாகத் தெரிவதற்கு மாவு கரைத்துவிடுகிறார்கள் என்று டிவியில் எல்லோரும் பார்த்திருந்தோம். எல்லோர் கண்ணும் வீரம்மாளின் கேன் மேல் போயிற்று.

"தண்ணிகூட ஊத்தறதில்லைங்கம்மா," என்றாள் வீரம்மாள்.

முதல் மாடி ஷெர்லினின் இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. தன் பாத்திரத்தை அப்படியே தரையில் வைத்தாள். நாளையிலிருந்து பாக்கெட் பால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை.

ஒரு வீடு நின்றால் எட்டும் நின்றுவிடும். வீரம்மாளுக்கு அது தெரியும்.

எல்லோரையும்விட அதிகம் பேசியது நான்தான். "ஒன்பது வருஷம் நம்புனோமேடி. பச்சப்புள்ள குடிக்கிற பாலுல போயி..."

சுஜாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "மாவுதான்னு இல்லைங்க. சோத்துக் கஞ்சி பட்டாலே இந்த நிறம் வரும். கறந்ததும் எதுல வடிகட்டுனீங்க?"

கஞ்சி என்ற சொல்லைக் கேட்டதும் வீரம்மாள் நிமிர்ந்தாள். அவள் கை சட்டென்று கேன் வாயில் கட்டியிருந்த துணிமேல் போய்ப் படிந்தது.

"பழைய துணி நேத்து கிழிஞ்சிருச்சுங்க. இதுவும் சுத்தமான துணிதான்."

"எங்க வாங்குனது?"

வீரம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

அவள் விரல்களுக்கு நடுவே பச்சைக் கரை கொஞ்சம் தெரிந்தது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் அவளுக்குக் கொடுத்த வேட்டி. எங்கள் வீட்டுக்காரருடையது. பழசைக் கொடுத்தாலும் புதுசு மாதிரி கொடுப்பவள் என்று எனக்கொரு பெருமை உண்டு. துவைத்து, சோறு வடித்த கஞ்சியில் முக்கி, வெயிலில் விறைக்க விட்டு, இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்திருந்தேன்.

கறந்த சூட்டோடு பாலை அதில் ஊற்றினால் கஞ்சி கரையாமல் என்ன செய்யும்?

வீரம்மாளுக்கு அது புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எட்டு வீடும் அவள் பக்கம் திரும்பியிருக்கும். அத்தனை பேர் முன்னால் என் பெயரை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சற்று முன்னால் அவளை "டி" போட்டுப் பேசியவள் பெயரை.

நானும் ஒரு நிமிஷம் சும்மாதான் நின்றேன். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

பிறகு சுஜாவின் கையிலிருந்த சொட்டுக் குழாயை வாங்கினேன். வீரம்மாளின் கையை விலக்கி, துணியின் நனையாத நுனியில் ஒரு சொட்டு விட்டேன்.

குப்பென்று கறுத்தது.

"இந்தக் கஞ்சி என்னுது," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "எங்க வீட்டு வேட்டி. நான்தான் கொடுத்தேன். இதை ஏன் வீரம்மா அலசாம கட்டுன?"

"நீங்க கொடுத்தது ஆச்சேம்மா. அலசுனா, அழுக்குன்னு நான் நெனச்ச மாதிரி ஆயிடாதுங்களா?"

ஷெர்லின் குனிந்து தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். நாளைக்கு அரை லிட்டர் கூடுதலாக வேண்டும் என்றாள்.

வீரம்மாள் அதைக் கவனித்தாளோ இல்லையோ. முந்தானையால் அந்தக் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்ல துணிம்மா இது. இப்படிப் பண்ணிட்டீங்களே."

அவ்வளவுதான் கண்ணுகளா, காபியைக் குடியுங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் பால் குறைவில்லாமல் பொங்கட்டும். அதைச் சுமந்து வருகிறவர் வீட்டிலும் அப்படியே பொங்கட்டும்.