சிவப்புக் கிளிப்

"இந்த ஆளை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பணும்! இல்லேன்னா போற இடமெல்லாம் சொல்லுவேன்!"

தண்ணீரிலிருந்து தலை வெளியே வந்ததும் வராததுமாக என் மனைவி மிரேயா போட்ட சத்தத்தில் குகையே அதிர்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மெக்சிகோவில் துலூம் காட்டுக்குள்ளே, வெதுவெதுப்பான குகைத் தண்ணீரில் வழிகாட்டியோடு முங்கிப் போக வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. அதற்கென்றே பாடம் படித்துப் பரீட்சையில் பாஸ் பண்ணினவள். எனக்குக் குளியல் தொட்டியே ஆழம். நான் மேலே டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மெரிதா நகரத்தில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை அவள். விதி என்றால் வெல்லக்கட்டி. காரில் வரும்போதே எனக்குப் பாடம் எடுத்தாள்.

"உள்ள கயிறுதான் வழி, லிசாந்த்ரோ. கயிறு ரெண்டாப் பிரியற இடத்துல ஆளுக்கொரு துணி கிளிப் மாட்டிட்டுப் போகணும். திரும்பறப்ப அவங்கவங்க கிளிப்பை எடுத்துக்கணும். கிளிப் தொங்குதுன்னா அந்த ஆள் இன்னும் உள்ள இருக்கான்னு அர்த்தம். அடுத்தவன் கிளிப்பை மட்டும் செத்தாலும் தொடக்கூடாது!"

"சரிங்க டீச்சர்" என்றேன்.

டிக்கெட் கொடுத்தது வழிகாட்டி வில்பெர்த்தின் அம்மா, தோன்யா கந்திதா. பக்கத்தில் சின்ன அடுப்பில் தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டையை அவித்து விற்றுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் மகனுக்கும் இந்தக் குகைதான் சோறு. "புது முதலாளி பொல்லாதவர், ஐயா. ஒரு புகார் வந்தாலும் நடையைக் கட்டுன்னு சொல்லியிருக்கார்" என்று புலம்பினார்.

தனியாக வாழையிலையில் கட்டி வைத்திருந்த பொட்டலத்தைக் காட்டி, "அது விலைக்கா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. ஒருத்தனுக்கு எடுத்து வெச்சது. இன்னும் மேல வரல."

மகனுக்காக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மிரேயாவின் கூச்சல். நான் தண்ணீர் வரைக்கும் படியிறங்கி ஓடினேன். பின்னாலேயே வில்பெர்த்தின் தலையும் வெளியே வந்தது.

"எல்லாரும் வந்தாச்சாப்பா?" அம்மா மேலேயிருந்து குரல் கொடுத்தார்.

"ஒருத்தன் பாக்கி, மமா" என்றான் அவன், வழக்கமாகச் சொல்வதுபோல.

மிரேயாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"கேட்டியா லிசாந்த்ரோ, பாக்கியாம்! இன்னிக்கு உள்ள போனது நாங்க ரெண்டே பேர். கயித்துல மூணாவதா ஒரு சிவப்புக் கிளிப் தொங்குது. என்னன்னு சைகையில கேட்டா, 'விடு, வா'ங்கறான். என்னிக்கோ எவனோ மறந்துட்டுப் போனதை எடுக்கத் துப்பில்ல! நாளைக்கு ஒருத்தன் அதைப் பாத்துட்டு, 'ஐயோ, உள்ள ஆள் இருக்கே'ன்னு தேடிப் போய், காத்து தீந்து செத்தான்னா? யார் பொறுப்பு?"

நியாயமான கேள்விதான். எனக்கே அந்த ஆள் மேல் கோபம் வந்தது.

"இவன் முதுகைத் திருப்பினதும் நானே கழட்டிட்டு வந்துட்டேன்!"

கையை விரித்தாள். பழைய மரக் கிளிப். சிவப்பு நிறம் பாதி உரிந்திருந்தது.

"அடுத்தவன் கிளிப்பைத் தொடக்கூடாதுன்னு நீதானே..." என்று இழுத்தேன்.

"ஆள் இல்லாத கிளிப் குப்பை! நீ சும்மா இரு!"

வில்பெர்த் அதைப் பார்த்தான். முகம் வெளிறி, இடுப்பளவு தண்ணீரில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"பாத்தியா, திருட்டு முழி!" என்றாள் மிரேயா.

சத்தம் கேட்டு முதலாளி தோன் எஃப்ரைன் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். "அன்னிக்கே சொன்னேன்ல, வில்பெர்த்? வண்டிச் சாவியைக் குடு."

வில்பெர்த் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மிரேயாவைப் பார்த்தான்.

"சுலபமா வந்துச்சா, சென்யோரா?"

"என்ன?"

"கிளிப். நான் எத்தனையோ தடவை கிட்டப் போயிட்டேன். கை வரல." கையை நீட்டிப் பாதியிலேயே இழுத்துக்கொண்டான். "என் தம்பி நெஃப்தாலியோடது. சில வருஷம் முன்னாடி அவன் உள்ள போனப்ப பாறை சரிஞ்சுது. உடம்பு கூடக் கிடைக்கல. அவன் கிளிப்பை அவன்தானே எடுக்கணும்? அது தொங்கற வரைக்கும் உள்ள இருக்கான்னு அம்மாகிட்டச் சொல்லிட்டு வந்தேன்."

மிரேயாவின் கை அப்படியே நின்றது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. முதலாளி சாவியை வில்பெர்த்துக்கு எட்டும் மேல்படியில் வைத்தார்.

"என்னப்பா சத்தம்?" என்றபடி தோன்யா கந்திதா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். வந்தவரின் கண் மிரேயாவின் உள்ளங்கையில் நின்றது.

"நான் பூசின நகப்பாலீஷ்" என்றார். கிளிப்பை எடுத்துப் பாவாடையில் துடைத்தார். பிறகு மகனைப் பார்த்து, அன்று இரண்டாவது தடவையாகக் கேட்டார்.

"எல்லாரும் வந்தாச்சாப்பா?"

வில்பெர்த் உதட்டைக் கடித்துக்கொண்டான். "வந்தாச்சு, மமா. யாரும் பாக்கி இல்ல."

"மன்னிச்சுடுங்கம்மா... எனக்குத் தெரியாது..." மிரேயா விக்கினாள். அவள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அந்த அம்மா விறுவிறுவென்று மேலே போனார். வாழையிலைப் பொட்டலத்தோடு திரும்பி வந்து, அதை மிரேயாவின் ஈரக் கையில் வைத்தார்.

"பெத்தவளாலயும் முடியல, கூடப் பொறந்தவனாலயும் முடியல. நீங்கதான் அவனை வெளிய கூட்டிட்டு வந்தீங்க. சாப்பிடுங்க, சென்யோரா."