சிவப்புப் பாதை

“சிவப்புப் பாதையாலை இறங்க உனக்கு எவ்வளவு நேரம் எடுக்கும், பிள்ளை?”

இராஜேந்திரன் கேட்டுவிட்டு மகளைப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் பனிச்சறுக்கு மலையின் வரைபடம் விரிந்து கிடந்தது. சுருளாமல் இருக்க அதன் மூலையில் பருப்புச் சட்டியை வைத்திருந்தார்.

கோபிஷா சாப்பிடுவதை நிறுத்தினாள். அப்பாவுக்குப் பனி என்றால் வேலைக்குப் போகுமுன் வாசலில் சவளால் அள்ளிக் கொட்டுகிற சாமான். அதில் காசு கொடுத்துச் சறுக்குகிறவர்களை அவர் இதுவரை புத்தியுள்ளவர்களாகக் கணக்கெடுத்ததில்லை.

“அரை மணித்தியாலம் எடுக்கும். நான் பெரிய கெட்டிக்காரி இல்லையப்பா. பள்ளிக்கூடத்திலை பழகினதுதானே. நடுத்தரம்.”

“நடுத்தரம் காணும்” என்றார் அவர். “நீலம் பழகிறாக்களுக்கு, கட்டையான பாதை. கறுப்பாலை விட்டால் கெதியா வந்திடுவாய், இல்லாட்டில் காலை முறிப்பாய். சிவப்புத்தான் சரி.”

வருகிற ஞாயிறு, சுவிசின் வாலன் ஏரிக்கு மேலே உள்ள மலை. பாதி உயரத்தில் ஒரு உணவகம் இருக்கிறது. அதன் வெளிமுற்றத்தில் வெயில் படும் மேசை ஒன்றை ஏற்கெனவே பதிந்துவிட்டாராம். எத்தனை பேருக்கு என்று கேட்டாள். நாலு பேருக்கு என்றார். அங்கே எங்கடை ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டு, குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

கோபிஷாவுக்கு விளங்கிவிட்டது. திரிம்பாக் கோயில் திருவிழாவில் அவளைச் சேலை உடுத்தி அன்னதான வரிசையில் நிறுத்தியவர் அவர். தட்டோடு ‘தற்செயலாக’ வந்த ஒரு குடும்பம் அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டுப் போனது. அடுத்த வருடம் பாசலில், டிராம் தரிப்பில், இன்னொரு தற்செயல்.

இரண்டு தரமும் வேண்டாம் என்றாள். இரண்டு தரமும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா செத்த பிறகு, உப்பைத் தா என்பதைத் தவிர வேறு கதையில்லாமலே ஒரு முழுச் சாப்பாடு முடிந்துவிடும் வீடு அது. ஆனால் அவள் வேண்டாம் என்ற நாட்களின் மௌனம் வேறு மாதிரி இருந்தது. யாரோ பார்த்து முடிவெடுக்கும் கலியாணம் அவளுக்கு வேண்டாம். மூன்றாம் தரமும் அதைச் சொன்னால் அப்பா தாங்குவாரா என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிறு காலை இராஜேந்திரன் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார். மீசை கன்னங்கரேலென்று இருந்தது. இந்த மை பனியில் கரையுமா என்று மகளிடம் விசாரித்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் கௌரவமாக நிற்க நினைக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அவளும் தன் பங்குக்கு ஆயத்தமானாள். தலைக்கவசம், பெரிய பனிக்கண்ணாடி, வாய் வரைக்கும் கழுத்துத் துணி. பார்க்க வருகிறவர்களுக்கு மூக்கு மட்டும் மிஞ்சியது.

முற்றத்தில் ஜெயமலர் என்ற அம்மாவும் அவருடைய மகன் மதுஷனும் காத்திருந்தார்கள். பாசல்காரர், கோயில் மடைப்பள்ளியில் பழக்கம் என்றார் அப்பா. வெளிச்சாப்பாடு கூடாது என்று அங்கே எழுதியிருந்தது. ஜெயமலர் மேசைக்குக் கீழால் ஆளுக்கொரு மீன் ரோல்ஸ் கொடுத்தார்.

கோபிஷாவுக்குக் கொடுத்துவிட்டு, உறைப்புக் கூடவோ என்று மூன்று தரம் கேட்டார். மருமகளுக்குப் பயப்படும் மாமியாரை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ரோல்ஸ் முடியுமுன் அப்பா எழுப்பினார்.

“நீங்கள் ரெண்டு பேரும் போய் ஒருக்காச் சறுக்கிப்போட்டு வாங்கோவன். சிவப்பாலை. ஆறுதலா வாங்கோ, அவசரமில்லை.”

கதிரை லிஃப்ட் இருவரையும் தூக்கிக்கொண்டு மேலே போனது. மதுஷன் பனி நல்லது என்று ஜெர்மனில் சொன்னான். அவளும் நல்லது என்றாள். அதன் பிறகு இரும்புத் தூண்கள்தான் ஒவ்வொன்றாக வந்து போயின.

கீழே திரும்பிப் பார்த்தாள். முற்றத்தில் அப்பா கையை வீசி வீசிக் கதைத்துக்கொண்டிருந்தார். அம்மா இருந்த காலத்துக்குப் பிறகு அவர் அப்படிக் கதைத்து அவள் பார்த்ததில்லை. நாள் குறிக்கிற கட்டத்துக்குப் போய்விட்டார் என்று நினைத்தாள். இனிப் பிந்தக்கூடாது.

ஜெர்மனில் சொன்னால் அலுவலகக் கடிதம் போலிருக்கும். தமிழில் சொன்னாள்.

“குறை நினையாதேங்கோ. எனக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பமில்லை. ஆனால் என்னாலை அதை அப்பாட்டைச் சொல்லேலாது. உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு நீங்கள் சொல்லிவிடுவீங்களோ?”

மதுஷன் அவள் பக்கம் திரும்பினான். பிறகு வலது கையுறையைக் கழற்றினான். விரலில் மோதிரம் இருந்தது.

“மனிசியும் மகளும் பாசல்லை நிக்கினம்” என்றான்.

அவள் மோதிரத்தைப் பார்த்தாள்.

“அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?”

“அரை மணித்தியாலம் உங்களைப் பராக்குக் காட்டச் சொன்னவர் உங்கடை அப்பா. உங்களுக்குச் சொல்ல அவருக்கு வெக்கமாம்.”

“பொம்பிளை பாக்கத்தானே இவ்வளவும்?”

“ஓம், அதுக்குத்தான்.” மதுஷன் கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டான். “பொம்பிளை என்ரை அம்மா.”