கவாத்து தெரியாத தோட்டக்காரன்

"அந்த ஆள் தோட்டக்காரனே இல்லை சார்."

குடியிருப்புச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா, குண்டைத் தூக்கிப் போடறீங்க! பழைய தோட்டக்காரம்மா லீவு வேணும்னு நின்னாங்க. 'செடி தெரிஞ்ச ஆளை நிறுத்திட்டுப் போ, இல்லேன்னா வேற ஆள் வெச்சிடுவோம்'னேன். இவரை அனுப்பினாங்க."

"மண்வெட்டியை யார் வேணா பிடிக்கலாம் சார். நாலு நாளா என் குழந்தையையே பார்த்துட்டு நிக்கறான்."

"நிரூபிங்க. இன்னிக்கே துரத்திடறேன்."

பால்கனித் தொட்டிக்காக வாங்கிய 'தோட்டம்: முதல் பாடம்' புத்தகத்தோடும், இடுப்பில் குழந்தையோடும் கீழே இறங்கினேன்.

"ஏங்க, ரோஜாவுக்கு எப்ப கவாத்து பண்ணுவீங்க?"

திருதிருவென விழித்தான். "கவாத்தா... ஒரு நிமிஷம்மா."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் போனில் குசுகுசுத்தான். திரும்பி வந்து, "கிளையை வெட்டி விடறதுதானே? மழை விட்டதும் பண்ணிடலாம்" என்றான்.

"மூடாக்கு?"

மறுபடி தொட்டி. மறுபடி போன்.

"செடி அடியில காஞ்ச இலையைப் பரப்பறதும்மா. ஈரம் நிக்கும்."

கான்வென்ட்டில் பத்து வருஷம் பாடம் ஒப்பித்தவள் நான். கடன் வாங்கிய பதில் எனக்குத் தெரியாதா?

"பாப்பாவுக்குக் கழுத்து எத்தனாவது மாசம்மா நின்னுச்சு?" என்றான் திடீரென்று.

குழந்தையை மார்போடு இறுக்கினேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? பதியன்னா என்ன, அதைச் சொல்லுங்க."

நகர்ந்தான். செயலாளருக்கு 'உடனே வாங்க' என்று செய்தி தட்டிவிட்டு, சத்தமில்லாமல் பின்னாலேயே போனேன்.

கையெல்லாம் சேறு, போனை ஸ்பீக்கரில் போட்டு சுவர்மேல் வைத்திருந்தான். ஒரு பெண் குரல், மூச்சு வாங்க:

"கிளையை ஒடிக்காம வளைச்சு மண்ணுல மூடறதுய்யா. அது வேர் விட்டப்புறம்தான் தாய்ச்செடியிலேர்ந்து வெட்டணும். முன்னாடியே வெட்டினா பட்டுப்போயிடும்." பின்னால் பச்சைக் குழந்தையின் வீறிடல். "இருடா தங்கம்... யாருய்யா இவ்வளவு கேள்வி கேக்கறது? மாட்டிக்காதே. பொறந்து எட்டு நாள்தானே ஆகுது! தையல் ஆறட்டும், நானே வந்துடறேன். அதுவரைக்கும் வேலை கை நழுவாம பார்த்துக்க."

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

செயலாளர் மூச்சிரைக்க வந்து நின்றார். "என்னம்மா, மாட்டினானா? துரத்திடலாமா?"

"எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்றார் சார். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"நல்லா வேலை வெச்சீங்க போங்க!" சிரித்தார். "வீட்டுல உக்காந்திருந்தா இப்படித்தான் சந்தேகம் வரும். ஆபீஸ் எப்பம்மா போறீங்க?"

சுவர்மேல் இருந்த போனைப் பார்த்தேன்.

"பிரசவ லீவு சார்... இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."