சகலையின் கார்

"தங்கச்சி வீட்டுக்காரர் அந்தக் காரை விக்கப் போறாராம்" என்றாள் மனைவி.

டைல்ஸ் கடைக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"எந்தக் காரை?"

"அவர்கிட்ட எத்தனை கார் இருக்கு? அந்தக் கூரை மடக்கற கார்தான்."

அந்தக் காரின் பேச்சை எடுத்தாலே அவருக்கு உள்ளே புகையும். காயலான் கடையில், முன்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டி அது. சகலை, பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர், அதைக் கட்டி இழுத்து வந்தபோது வாய்விட்டுச் சிரித்தவர் இவர்தான்.

மாஸ்டர் லீவு நாளெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். துரு சுரண்டி, தகடு ஒட்டி, இன்ஜினைப் பிரித்துப் பூட்டி, தன் கையாலேயே வெண்ணெய் நிறத்தில் பெயிண்ட் அடித்தார். ஒரு நாள் கூரையை மடக்கிவிட்டுத் தெருவில் ஓட்டி வந்தார். அன்றோடு போயிற்று இவர் தூக்கம்.

இவரிடம் இருந்தது புத்தம் புதுப் பெரிய கார். ஒரு கல்யாண வீட்டு வாசலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வந்தவர்கள் இவர் கார்மேல் கைப்பைகளை வைத்துவிட்டு, அந்தக் காரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெற்ற மகளே, "நான் சித்தப்பா கார்ல வரேன்பா" என்று ஓடிவிட்டாள்.

அதற்கப்புறம் அவர் சகலை வீட்டுப் பக்கமே போகவில்லை. கேட்டால், கடையில் வேலை என்பார்.

"பழைய கார் சேர்க்கறவங்கெல்லாம் போட்டி போட்டுக் கேக்கறாங்களாம்" என்றாள் மனைவி. "சொன்ன விலைக்குப் போகும்கறாங்க."

சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சகலை வீட்டில் போய் இறங்கினார்.

"வியாபாரம் பேச உனக்கு வராது தம்பி. நான் கூட இருந்து முடிச்சுத் தரேன்."

மாஸ்டருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "நீங்க வந்ததே போதும்ணே."

முதலில் ஒரு பல் டாக்டர் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவை ஆசையாகத் தடவினார். மாஸ்டர் சாவி எடுக்க உள்ளே போனதும் இவர் குரலைத் தாழ்த்தினார்.

"சொந்தக்காரன் நான், சொல்லக் கூடாது. அடியில பூரா துரு. மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கு."

மாஸ்டர் சாவியோடு வருவதற்குள் டாக்டர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

அடுத்து வந்தவர் ஸ்டுடியோக்காரர். புதுமணத் தம்பதிகளை உட்கார வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம்.

"எடுங்க, தாராளமா எடுங்க. ஓட்டிட்டு மட்டும் போயிடாதீங்க. இறக்கத்துல ஒரு தடவை பிரேக் பிடிக்கலை" என்றார் இவர், மாஸ்டர் காதில் விழாதபடி.

அவரும் வந்த வேகத்தைவிட வேகமாகப் போனார்.

"பிடிச்ச மாதிரிதான் பார்த்தார். என்னவோ, போயிட்டார்" என்றார் மாஸ்டர், சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே.

"ஜனங்க அப்படித்தான் தம்பி. விட்டுத் தள்ளு."

வயிறு குளிர்ந்துபோயிருந்தது அவருக்கு. மாஸ்டர் குளிக்கப் போனார். மச்சினி டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"பார்த்துப் பார்த்துப் பண்ணின கார். இப்ப எதுக்கும்மா விக்கறான்? கடன் கிடன் ஏதாவது?"

கடனாக இருந்தால் தேவலை என்று இருந்தது.

மச்சினி உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு சொல்லியிருக்கார் அத்தான். போன மாசம் அக்கா வந்து ஒரே அழுகை. இந்தக் கார் வந்ததிலேர்ந்து நீங்க நீங்களாவே இல்லையாம். பொண்ணுகிட்டகூட முகம் கொடுத்துப் பேசறதில்லையாம். இங்க வரணும்னாலே வீட்ல சண்டையாம். இவர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். மறுநாளே விளம்பரம் கொடுத்துட்டார்."

டைல்ஸ் கடைக்காரர் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார்.

"நான்கூட சண்டை போட்டேன் அத்தான். அதுக்கு இவர், 'வேற ஒரு ஓட்டை வண்டி கிடைக்காமலா போயிடும்? அண்ணன் நம்ம வீட்டுக்கு வராம இருக்காரே, அதை எந்த ஸ்பேனரை வெச்சு சரி பண்றது?'ன்னு கேட்டார்."

வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. வந்தவர் ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன். காரைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். ஈரத் தலையைத் துவட்டியபடி மாஸ்டர் உள்ளேயிருந்து வந்தார். அதற்குள் இவர் கேட்டுக்குப் போய்விட்டார்.

"வண்டி எப்படிங்க?" என்று கேட்டார் கேப்டன்.

டைல்ஸ் கடைக்காரர் பின்னால் நிற்கிற மாஸ்டருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பிரமாதமான வண்டிங்க. ஒரு குறை சொல்ல முடியாது. அத்தனையும் என் சகலை கைவேலை. அதனாலதான் நாங்க இதை விக்கறதா இல்லை."