ஒரே தொட்டியில்

மூடுபனி விலகிய வெயிலில் சாமைக் கதிர்கள் தலை சாய்ந்து நிற்கின்றன. மலைமேல் தேவனூர் நாட்டு மேட்டுக்காட்டில், சிக்னல் கிடைக்கும் ஒரே பாறை மேல் பரிமளா கைபேசியோடு நிற்கிறாள். கடற்கரை மீன் பண்ணையில் அவளோடு வேலை செய்யும் பிரிட்டோ, கொடுவா மீன் குஞ்சுகள் நீந்தும் தொட்டியைத் திரையில் காட்டுகிறான். "பிந்திப் பொரிச்சதுல ஒண்ணையும் காணோம். முந்திப் பொரிச்சதோட யாரு கலந்து விட்டது?" கலந்து விட்டது அவள்தான். சாமையையும் துவரையையும் ஒரே காட்டில் கலந்து விதைத்துப் பழகிய கை. முந்தி விளைவதை முந்தி அறுப்பார்கள். பிந்தியது தன்பாட்டுக்கு வளரும். இதோ, அம்மா கண்ணாயி சாமையை அறுத்துக்கொண்டு போன வழியெல்லாம் துவரை பச்சைப் பசேலென்று நிற்கிறது. அங்கே மட்டும் என்ன ஆயிற்று? இரையும் வேளை தவறாமல்தான் போட்டார்கள். தொட்டியின் கண்ணாடியோரம் பெரிய குஞ்சு ஒன்று வருகிறது. அதன் வாயில் சின்னக் குஞ்சு ஒன்றின் வால் துடிக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போய்விடுகிறது. "என்ன சாமி, மொகம் வாடிக் கெடக்குது?" அரிவாளோடு வந்த கண்ணாயி திரையை எட்டிப் பார்க்கிறாள். வயிறு புடைத்த குஞ்சு மெல்லத் திரும்புகிறது. "நல்லாத்தான் வளந்திருக்குது, கண்ணு."